பூச்சு வராத ஒன்பது மாடி

திருப்பதி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம், "மொண்டி மேட போகணும்" என்றேன். அவருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அப்படி ஒரு இடமே ஊரில் இல்லை என்று தெலுங்கில் அடித்துச் சொன்னார். நானும் விடவில்லை. ஒன்பது மாடி, சிமெண்ட் நிறம், பெயின்ட் கிடையாது, மாடிப்படி மட்டும் கட்டடத்தை விட்டு விலகித் தனியாக நிற்கும் என்று அடையாளம் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. "போட்டோஷூட் பில்டிங்னு சொல்லுங்க சார். கல்யாண ஜோடிங்க எல்லாம் அங்கதானே போறாங்க" என்றார்.

தெலுங்கில், கட்டி முடிக்காமல் அரைகுறையாய் விட்ட சுவருக்கு மொண்டி கோட என்று பெயர்; மேட என்றால் மாடிக்கட்டடம். முப்பது வருஷத்துக்கு மேல் ஊர் முழுக்க அந்தக் கட்டடத்தை மொண்டி மேட என்றுதான் கூப்பிட்டது. நான் அந்தப் பெயரோடு வந்து இறங்கினால், பெயரே மாறியிருக்கிறது.

நான் குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். போய் இருபத்தெட்டு வருஷமாகிறது. அந்தக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் எங்களுக்கு ஒரு வீடு. எங்கள் அப்பா, நைனா, காலமான பிறகு அது என் பெயரிலும் அக்கா வசந்தா பெயரிலும் இருக்கிறது. நான் போனபிறகும் அக்கா அங்கேதான் இருக்கிறாள். இப்போது அதை விற்கவேண்டும் என்கிறாள். நான் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் அது நடக்காது. விற்காதே என்று அவளிடம் சொல்லத்தான் லீவு போட்டுக்கொண்டு வந்தேன். குவைத்தில் கண்ணை மூடியதும் எனக்கு வருவது அந்த வீட்டின் பால்கனி. வேலையை விட்டபின் நான் வந்து உட்காரப்போகிற இடம் அது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு போட்டோகிராபர் என்னைக் கையால் ஓரங்கட்டினார். என் பெட்டி அவருடைய படத்தில் விழுகிறதாம். மாடிப்படியில் ஒரு பெண் சிவப்புப் பாவாடையைப் பத்துப் படிக்கு விரித்துப்போட்டு நின்றிருந்தாள். கீழே கோட்டுப் போட்ட மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் அழுக்கு ஒழுகிக் கறுத்த எங்கள் சுவர். அவர்கள் முடிக்கும்வரை பெட்டியோடு நின்றேன். என் வீட்டுக்குப் போக நான் அனுமதிக்குக் காத்து நின்றது எனக்குக் கோபமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

லிஃப்ட் வேலை செய்தது. அதை நம்பாமல் மாடிப்படியைத்தான் முதலில் பார்த்தேன்.

"இன்னாடா இப்படி எளச்சிப் போய்ட்ட" என்றபடி அக்கா கதவைத் திறந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள்தான் இளைத்திருந்தாள். கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் வேர்க்கடலைச் சட்னியும் செய்துவைத்திருந்தாள். "மொதல்ல துன்னு. அப்பறம் பேசலாம்." குவைத்தில் நம் பக்கத்து ஆள் நடத்தும் ஓட்டலில் வெள்ளிக்கிழமைதோறும் களி கிடைக்கும். அதைக் களி என்று சொன்னால் களிக்குக் கோபம் வரும். இதை மூன்று உருண்டை சாப்பிட்டேன். அவளும் வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்தேன். வடக்கே மலை முழுசாகத் தெரிந்தது. பொழுது சாயச் சாய மலைப்பாதையில் ஒவ்வொரு விளக்காக எரிந்தது. குவைத்தில் என் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசி பெட்டிகள்தான் தெரியும். இதை விட்டுவிட்டு என்ன சம்பாதித்தோம் என்று நினைத்தேன். அக்காவைக் கூப்பிட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்றாள், வரவில்லை.

இரண்டாம் நாள் காலை டீ குடிக்கக் கீழே இறங்கினேன். ஹைதராபாத்திலிருந்து வந்த, கட்டடக்கலை படிக்கும் ஏழெட்டுப் பேர் நோட்டும் பென்சிலுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இந்தக் கட்டடத்துக்காரன் என்று தெரிந்ததும் என்னையும் தடவச் சொன்னாள். கான்கிரீட் ஊற்றும்போது அடைப்புக்கு வைத்த பலகைகளின் ரேகை அப்படியே பதிந்திருக்கிறதாம். "இத்தனை வருஷம் யாரும் இதைப் பூசி மூடாம காப்பாத்தி வச்சிருக்கீங்களே அங்கிள்" என்றாள் தெலுங்கில்.

காப்பாற்றினோமாம். அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீ ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

நைனா, பிச்சாட்டூர் பக்கத்து ஊரிலிருந்து வந்து அரசாங்க ஆபீஸ் ஒன்றில் அட்டெண்டர் ஆனவர். எங்கள் வம்சத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. ஊழியர் வீட்டுவசதிச் சங்கத்தின் குலுக்கலில் அவருக்கு இந்த எட்டாவது மாடி விழுந்தபோது ஊரிலிருந்து ஒரு பஸ் ஜனம் பார்க்க வந்தது. எல்லோரும் கழுத்து வலிக்க மேலே பார்த்தார்கள். பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பூச்சு எப்போது?

எங்கள் பக்கத்தில் பூசாமல் நிற்கிற வீட்டுக்கு ஒரே அர்த்தம்தான். கட்டினவன் நடுவழியில் நொடித்துப்போய்விட்டான். சுவரைப் பூசி, வெள்ளையடித்து, அப்புறம்தான் பால் காய்ச்சுவார்கள். அதனால் நைனாவும் மற்றவர்களும் பூச்சுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு வருஷம் பார்த்துவிட்டுத் தெலுங்கில் மனு எழுதினார்கள். வடக்கேயிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் இப்படித்தான் வரைந்திருக்கிறார், கட்டடம் முடிந்துவிட்டது, இதற்குமேல் பூச்சு கிடையாது என்று சங்கத்திலிருந்து பதில் வந்தது. ஒருத்தரும் நம்பவில்லை. "பூச்சு சிமெண்ட்ட துன்னுட்டு டிசைன்னு சொல்லிக்கினு கீறானுங்க" என்றார் நைனா. ஒன்பது மாடிக்கான சிமெண்டையும் காண்டிராக்டர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று ஒரு கணக்கே சொன்னார்கள். அவர் வீட்டைப் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. பாவம், அது சின்ன வீடாம்.

பூச்சு வராமல் பால் காய்ச்ச மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். நாங்கள் பால் காய்ச்சாத வீட்டில் குடியிருந்தோம். உள்பக்கம் அவரவர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டோம். வெளிச்சுவரைத் தொடச் சங்கம் விடவில்லை. அம்மா கடைசிவரை அதைத் தன் வீடு என்று சொல்லவில்லை. யாராவது கேட்டால், "இப்ப இங்க கீறோம்" என்பாள்.

மழை பெய்து பெய்து கட்டடம் கறுத்தது. தொண்ணூறுகளில் ஊர் வேகமாக மாறியது. ரோஸ் நிறத்திலும் பச்சை நிறத்திலும் அபார்ட்மெண்டுகள் எழுந்தன. முடிந்தவர்கள் அங்கே போய், இங்கே வாடகைக்கு விட்டார்கள். வாடகைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வளைகுடா விசாவுக்குக் காத்திருந்த ஆட்கள். ஒரு ரூமில் ஆறு பேர், ஏழு பேர். லிஃப்ட் நின்றது. யாரோ ஒரு ஏஜெண்டைத் தேடிப் போலீஸ் ஒருமுறை வந்தது. அதன்பின் எங்கே போனாலும், "மொண்டி மேட ஆளா?" என்று கேட்டு ஒரு மாதிரி பார்த்தார்கள். நானும் அப்போது விசாவுக்குக் காத்திருந்தவன்தான். ஒரே வித்தியாசம், நான் என் வீட்டிலேயே காத்திருந்தேன்.

அந்த வருஷங்களில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவர்கள் புத்தூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா கீழேயே நின்று ஒன்பது மாடியையும் பார்த்தார். "வீடு கட்டி முடிச்சப்பறம் சொல்லி அனுப்புங்க" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். அவர்களுக்காகக் கிண்டிய கேசரியை நாங்களே சாப்பிட்டோம். அடுத்து வந்த இரண்டு வீட்டாரும் எட்டு மாடி ஏறி வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், இறங்கிப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா பட்டுப் புடவையோடு பால்கனியில் நின்று, அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதற்கடுத்த வருஷம் விமானம் ஏறிவிட்டேன்.

டீக்கடையிலிருந்து திரும்பும்போது ஏழாவது மாடி சம்பத் ஸ்வாமி லிஃப்டில் ஏறினார். மலைக்கோயிலில் கைங்கர்யம் செய்து ஓய்வு பெற்றவர். இந்தக் கட்டடத்துக்கு ஊரே மூக்கைச் சுளித்த காலத்தில் தேடி வந்து குடியேறினவர் அவர் ஒருவர்தான். காலையில் எழுந்ததும் பால்கனியிலிருந்து மலையைச் சேவிக்கலாம், அது போதும் என்பார்.

"எப்போ வந்தேள்? விக்கறேள்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"நான் வேணாம்னு சொல்லத்தான் வந்தேன் ஸ்வாமி. இந்த மலையை விட்டுட்டு எப்படி?"

"உமக்கு மலை. உங்க அக்காவை அந்தப் பால்கனியில நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சே. துணிகூட உள்ளேதான் உலர்த்தறா."

ஏழாவது மாடி வந்தது. அவர் இறங்கிப்போனார். நான் எட்டாவதில் இறங்காமல் ஒன்பதுக்குப் போய், மறுபடி கீழே போய், அப்புறம்தான் வீட்டுக்குப் போனேன்.

அன்று மத்தியானம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பேச்சை எடுத்தேன். "அக்கா, இப்பதான் இந்த பில்டிங்குக்கு நல்ல பேரு வந்துக்கீது. இப்பப் போய் விக்கலாமா?"

அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு நல்ல பேரு வந்துச்சி. நல்லதுதான்" என்றாள். "நாளைக்கு சித்தூர் போலாம். உனக்கு ஒண்ணு காட்டணும்."

மூன்றாம் நாள் காணிப்பாக்கம் வழியாகச் சித்தூர் போகிற பஸ்ஸில் ஏறினோம். மாங்காய்ச் சீசன். பழக்கூழ் ஆலைகளுக்குப் போகிற டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வரிசை கட்டியிருந்தன. பஸ் நின்றது நின்றதுதான். டிரைவர் இறங்கிப் போய் வேப்பமரத்தடியில் துண்டை விரித்தார். குவைத்தில் சிக்னலில் இரண்டு நிமிஷம் கூட நின்றால் எனக்குப் படபடக்கும். இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் பத்து நிமிஷத்தில் ஒன்றும் ஆகாமல் போய்விட்டது.

எங்கள் சீட்டில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஊர் பங்காருபாளையம். மடியில் பெனிஷான் மாம்பழப் பை. நான் குவைத்திலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் ஒரு பழத்தை என் கையில் திணித்தார். அவர் மகனும் அங்கேதான் டிரைவராம். "பன்னெண்டு வருஷமா அடுத்த வருஷம் வந்துடறேன்னு சொல்லிக்கினு கீறான். அங்க இன்னா, வருஷம் நம்ம வருஷம் மாதிரி இல்லியா?" என்று நிஜமாகவே கேட்டார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நகர்கிற மாதிரி தெரியவில்லை. இறங்கிக் கொஞ்சதூரம் நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்துக் காணிப்பாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வந்ததுதான் வந்தோம், சாமி கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள் அக்கா. இங்கே இறங்கியது அவள் முன்பே திட்டமிட்டதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஜில்லாவில் ஒரு வழக்கம் உண்டு. சொல்வது நிஜமா பொய்யா என்று தகராறு வந்தால் காணிப்பாக்கத்துக்குப் போவார்கள். குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்யவேண்டும். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன் கூட இங்கே வாயைத் திறக்கமாட்டான். பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்று எல்லோருக்கும் பயம். எனக்கும் உண்டு.

குளத்துப் படியில் அக்கா நின்றாள். "குமாரு. நான் விக்கல. நீ ஒண்ணே ஒண்ணு செய்யி. தண்ணியில முழுவிட்டு வந்து, இந்த வருஷமோ அடுத்த வருஷமோ வேலைய உட்டுட்டு வந்து அந்த வீட்டுல இருப்பேன்னு சாமி முன்னால சொல்லு. போதும். நான் மறுபேச்சு பேசமாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடச் சொல்கிற குரலில் சொன்னாள்.

நான் சட்டைப் பித்தானில் கை வைத்தேன். கை அங்கேயே நின்றது. என் மனைவி அங்கே நர்ஸ், வேலையை விட அவளுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. மகன் கனடாவில் படிக்கிறான். அதற்கப்புறம் அவனோடு போய் இருப்பதாக அவர்கள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். நான் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பால்கனியில் வந்து உட்காரப்போகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒருவர் தலை துவட்டிக்கொண்டிருந்தார், அவர் மேலிருந்து என்மேல் தண்ணீர் தெறித்தது.

"என்னால முடியாதுக்கா" என்றேன்.

"தெரியும்டா" என்றாள். என் தோளில் கை வைத்தாள். "உனுக்கு அது நெனச்சிக்கிறதுக்கு வேணும். அதுக்கு நான் காவல் காத்துக்கினு கீறேன்."

உள்ளே போய்க் கும்பிட்டோம். நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. எதைக் கேட்டாலும் பொய்யாகிவிடும் போலிருந்தது.

சித்தூரில் அவள் காட்டியது ஒரு வீடு. கடைசிப் பத்து வருஷம் அந்த ஊரில்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள், தினமும் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் போய்வந்து. கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி வாங்கிய மனைக்குப் பக்கத்து மனையை எனக்குச் சொல்லாமல் வாங்கியிருக்கிறாள். இரண்டு ரூம், ஒரு சமையலறை. தரை போடவில்லை, மண்தான். கதவு இல்லை, ஜன்னலுக்குக் கம்பி இல்லை. ஆனால் உள்ளும் புறமும் சுவர் பூசி, பட்டி பார்த்து, எலுமிச்சை மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது.

மேஸ்திரி என்னைக் கண்டதும் தனியாகக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். "ஒயரிங் பைப் போட்டுட்டு அப்பறம் பூசலாம்னு டீச்சரம்மாகிட்ட தலப்பாடா அடிச்சிக்கினேன் சார். கேக்கல. மொதல்ல பூசு, மத்ததெல்லாம் அப்பறம்னு சொல்லிட்டாங்க. இப்ப பூசின சொவத்த நானே ஒடைக்கணும். என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு வீடு கட்டினதில்ல."

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "கைய வச்சிப் பாரு" என்றாள். வைத்தேன். வழவழப்பாக இருந்தது. அவளும் வைத்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "இங்க யாரும் மேல பாத்துட்டுத் திரும்பிப் போவமாட்டாங்க" என்றாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இருபத்தெட்டு வருஷமாக நான் ஏங்கின வீட்டை விட்டு அவள் இருபத்தெட்டு வருஷமாக வெளியே போக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு வாரமும் போனில், "மலை தெரியுதா அக்கா?" என்று கேட்டவன் நான். தெரியுது தெரியுது என்று சொல்லிவந்திருக்கிறாள்.

நான்காம் நாள் பத்திரம் எழுதுகிறவரின் கடையில் உட்கார்ந்திருந்தோம். வாங்குகிறவர்கள் பெங்களூரில் வேலை பார்க்கும் இளம் தம்பதி. நல்ல பிள்ளைகள். உள்ளே நாங்கள் அடித்த சுண்ணாம்பையும் சுரண்டிவிட்டுப் பழையபடி கான்கிரீட்டாகவே விடப்போவதாக ஆசையாகச் சொன்னார்கள். நைனா இருந்திருந்தால் இவர்கள் கையிலும் ஒரு மனுவைக் கொடுத்திருப்பார்.

எழுத்தர் எல்லைகளைத் தெலுங்கில் படித்தார். தெற்கே நடை, கிழக்கே அடுத்த வீடு, மேற்கே ஆகாயம், வடக்கே ஆகாயம்.

"வடக்கே மலைன்னு எழுதக்கூடாதா?" என்று கேட்டேன்.

"மலை ரிஜிஸ்டர்ல வராது சார்" என்றார் அவர், சிரிக்காமல். பிறகு கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, விற்கிறவர்களின் இந்திய முகவரி வேண்டும் என்றார். இந்த வீட்டு முகவரியைப் போடமுடியாது, அதைத்தானே விற்கிறீர்கள் என்றார்.

என்னிடம் வேறு முகவரி இல்லை. பாஸ்போர்ட்டிலும் அதுதான், விசாவிலும் அதுதான், பேங்கிலும் அதுதான். வெறும் ஐம்பத்தைந்து வயது ஆளாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா தன் முகவரியைச் சொன்னாள். சித்தூர், தெருப் பெயர், பின்கோடு. எழுத்தர் கதவு எண் கேட்டார். இன்னும் கொடுக்கவில்லை, தரை போட்டபிறகுதான் கொடுப்பார்களாம் என்றாள். அப்படியானால் அது முடியாத வீடு, மனை எண் போட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக்கொண்டார்.

"சாருக்கு?" என்று என் பக்கம் பேனாவை நீட்டினார்.

"அவனுக்கும் அதான்" என்றாள் அக்கா. "ரெண்டு ரூம் கீது. ஒண்ணு அவனோடது."

எழுத்தர் என் பெயருக்குக் கீழே அதைத் தெலுங்கில் எழுதி, சரிபார்க்கச் சொல்லித் தாளை என் பக்கம் திருப்பினார். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.